சேம்பு இலை சாப்பிட்டதும் தொண்டை அரித்தது, இது அலர்ஜியா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 31. சொந்த ஊர் மதுரை. கணவரின் வேலை காரணமாக மங்களூருக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா, தோட்டத்திலிருந்து சேம்பு இலை ஒரு கட்டு பறித்துக் கொடுத்தார். கீரை மாதிரி நறுக்கி, பாசிப்பருப்பு சேர்த்துப் பத்து நிமிடத்தில் பொரியல் செய்துவிட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டதுமே நாக்கு, தொண்டையெல்லாம் ஊசி குத்துவதுபோல் அரிப்பு. கணவருக்கும் அப்படியே. நான்கு வயது மகன் ஒரு வாயில் துப்பிவிட்டு அழுதான். பயந்துபோய் நானும் அவரும் ஆளுக்கொரு செட்டிரிசின் (அலர்ஜி மாத்திரை) போட்டுக்கொண்டோம். ஒன்றரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இது அலர்ஜியா? கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் இருந்தது, அதனால் ஏதும் ஆகுமா? அந்த அக்கா அடுத்த வாரம் மூங்கில் முளை தருவதாகச் சொல்கிறார். வாங்கவே பயமாக இருக்கிறது.

பதில்: மூன்று பேர் சாப்பிட்டு மூன்று பேருக்கும், அதுவும் வாயில் வைத்த மறுநிமிடமே அரித்திருக்கிறது. அலர்ஜி பெரும்பாலும் இப்படி வீடு முழுக்கச் சேர்ந்து வராது. ஒரே பந்தியில் ஒருவருக்கு வரும், பக்கத்தில் இருப்பவர் மோர் வரைக்கும் நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்துபோவார். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வாயைத் தாண்டியும் பரவும். உங்கள் மூவருக்கும் வாயோடும் தொண்டையோடும் நின்றுவிட்டது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நம் ஊரில் 'காறுது' என்று சொல்வோமே, அதுதான் இது.

பிடிகருணை சரியாக வேகாவிட்டால் தொண்டை காறும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சேம்பும் அதே குடும்பம்தான். இலையிலும் தண்டிலும் கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடைந்திருக்கும். மெல்லும்போது அவை வெளிப்பட்டு நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. ஊசி குத்துவதுபோல் என்று நீங்கள் எழுதியது உவமையே இல்லை, நடந்ததே அதுதான். குத்திய இடத்தை எரிய வைக்கும் புரதங்களும் அந்தச் செடியில் உண்டு. இதற்குச் செட்டிரிசின் பெரிதாக உதவாது. மாத்திரையால் சரியானதாக நினைத்திருப்பீர்கள். தானாகவே அடங்கியிருக்கும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, குளிர்ந்த பாலோ தயிரோ கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாலே போதும். ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால், குரல் மாறினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், மூச்சு திணறினால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம்.

சரி, அதே இலையை மங்களூர்க்காரர்கள் மழைக்காலம் முழுக்கச் சாப்பிடுகிறார்களே, அவர்களுக்கு ஏன் காறவில்லை? அவர்கள் அதைக் கீரையாக நினைப்பதில்லை. கன்னடத்தில் கெசு, துளுவில் தேவு என்று சொல்லும் இந்த இலையில் பத்ரோடே செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தடித்த நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, அரிசியும் மிளகாயும் தாராளமாகப் புளியும் சேர்த்து அரைத்த விழுதைத் தடவி, இலைமேல் இலையாக அடுக்கிச் சுருட்டி, முக்கால் மணி நேரமாவது ஆவியில் வேகவைப்பார்கள். புளிப்பும் நீண்ட வேக்காடும் சேர்ந்துதான் காறலை அடக்குகின்றன. பிடிகருணைக்கு நம் பாட்டிமார் புளி ஊற்றியதும் இதே கணக்கு. உங்கள் பத்து நிமிடப் பொரியலில் புளியும் இல்லை, வேக்காடும் இல்லை. போதாக்குறைக்கு நரம்பையும் சேர்த்தே நறுக்கியிருப்பீர்கள். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், அறை நண்பர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று கருணைக்கிழங்கை அரைவேக்காட்டில் இறக்கி, நான்கு டாக்டர்களைத் தயிர்ச் சட்டியைச் சுற்றி உட்கார வைத்தவன் நான். அதனால் உங்களைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை.

புதுக் காய் ஒன்றை வாங்கும்போது அதைச் சமைக்கும் முறையையும் கூடவே வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. யூடியூபைவிட இலையைக் கொடுத்த அக்காவிடம் கேட்பது மேல். முடிந்தால் முதல் தடவை அவர் அடுப்படியிலேயே சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் நாள் நாலைந்து வாய்க்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் இரண்டு புதுக் காய்களும் வேண்டாம், ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. நாக்கு வேண்டாம் என்று சொன்னால் கேட்டுவிடுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி வகைகளில் வழக்கமில்லாத கசப்பு தெரிந்தால் அப்படியே குப்பையில் போட வேண்டும். குக்குர்பிட்டேசின் என்ற அந்தக் கசப்புப் பொருள் வேகவைத்தாலும் போகாது. 2010-இல் டெல்லியில் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். அதன் பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. பாகற்காய்க்கு இது பொருந்தாது, கசப்பது அதன் இயல்பு. மழைக்காலத்தில் அங்கே காட்டுக் காளான்களும் கிடைக்கும். யார் கொடுத்தாலும் அதை மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். உயிரைக் கொல்லும் சில வகைகள் சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தொந்தரவைக் காட்டும், அதற்குள் ஈரலில் வேலை தொடங்கியிருக்கும்.

இனி உங்கள் கணவர். இரண்டு வாயால் அவருக்குக் கல் வந்துவிடாது. ஆனால் சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்களே, சேம்பு இலையில் ஆக்சலேட் அதிகம். மழைக்காலத்தில் எப்போதாவது இரண்டு துண்டு பத்ரோடே சாப்பிடலாம், கூடவே தயிரும் இருக்கட்டும். தயிரிலுள்ள கால்சியம், இலையிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர்வது குறையும். கல் இருந்தது என்பதற்காகப் பாலையும் தயிரையும் நிறுத்தியிருந்தால் தவறு, மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது கூடியிருந்தால் சேம்பு இலையே வேண்டாம். அப்புறம், அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பிலிம்பிக்காய் மரம் நிற்கும்; புளிப்பான அந்தக் காயிலும் ஆக்சலேட் அதிகம். ஊறுகாயாக ஒரு துண்டு தொட்டுக்கொள்வதில் தவறில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்று யாராவது சாறு பிழிந்து கொடுத்தால் அவர் வாங்கிக் குடிக்கக் கூடாது. அப்படிக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இப்போது பச்சை இலை என்றாலே அந்த அரிப்பு நினைவுக்கு வரும். இரண்டு மூன்று வாரம் கட்டாயப்படுத்தாதீர்கள். பிறகு அவனுக்குப் பழகிய சாம்பாரிலேயே புதுக் காயில் ஒரு துண்டு போட்டுத் தட்டில் வையுங்கள். சாப்பிடாவிட்டால் பேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். ஒரு புதுக் காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். நாம் மூன்றாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மூங்கில் முளையைத் தாராளமாக வாங்குங்கள், ஆனால் பச்சையாக அல்ல. மரவள்ளியைப் போலவே அதிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் கணிலே என்று சொல்லும் அந்த முளையை அங்கே மெல்லியதாக நறுக்கி, தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவைத்த பிறகே சமைக்கிறார்கள். ஊறியதையும் நீங்கள் ஒருமுறை மூடாமல் கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். அக்கா கொண்டுவரும்போது எத்தனை நாள் ஊறியது என்று கேளுங்கள். காலையில் வெட்டியது என்றால் ஒரு வாளி எடுத்து வையுங்கள், மூன்றாம் நாள் சமைக்கலாம். மகனுக்கு அன்றைக்கு ஒரு ஸ்பூன் போதும்.