மழை பெய்தால் டிரிப்பாகும் தோட்டத்து விளக்கு

கேள்வி: தாம்பரத்தில் தனி வீடு, தோட்டத்தில் ஆறு விளக்குகள். மழை பெய்தாலே ஈ.எல்.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்து வீடே இருளாகிறது. தோட்டத்து எம்.சி.பி.யை (அந்த இணைப்புக்கான தனி பிரேக்கர் சுவிட்ச்) அணைத்தாலும் விழுகிறது. 'ஈ.எல்.சி.பி.தான் பழுது, அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துவிடலாம்' என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துவதுதான் அதன் வேலை, அதைத்தான் செய்கிறது. எம்.சி.பி. கம்பி சூடாகி எரியாமல் காக்கும், அவ்வளவுதான். உங்கள் உடம்பு வழியே மின்சாரம் பாய்ந்தால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

எம்.சி.பி.யை அணைத்தும் விழுவதற்குக் காரணம் உண்டு. ஒற்றை முனை (சிங்கிள் போல்) எம்.சி.பி., மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். மின்சாரம் திரும்பி வரும் நியூட்ரல் கம்பி தோட்டம்வரை இணைந்தேதான் கிடக்கும். அது ஈர மண்ணைத் தொட்டிருந்தால், வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் ஓடும்போது திரும்பி வரவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு மண்ணுக்குப் போய்விடும். போனதற்கும் வந்ததற்கும் கணக்கு உதைக்கும், ஈ.எல்.சி.பி. விழும். மெயினை அணைத்துவிட்டு, தோட்டத்துக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் போர்டிலேயே கழற்றச் சொல்லுங்கள். அதன்பின் விழவில்லையென்றால் பழுது தோட்டத்தில். அப்போதும் விழுந்தால் மட்டுமே மற்ற இடங்களைச் சந்தேகிக்கலாம்.

பெரும்பாலும் குற்றவாளி மண்ணுக்குள் டேப் சுற்றிப் புதைத்த இணைப்புதான். ஒரு மழைக்காலம் தாங்காது. இணைப்புகளைத் தரைக்கு மேலே, மூடியுள்ள பெட்டிக்குள் கொண்டுவந்து, கம்பியைக் கீழ்ப்பக்கமாக நுழைத்துவிடுங்கள். விளக்குகளில் வெயிலில் இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். சிலிக்கான் பூசி அடைக்கிறேன் என்று கீழே இருக்கும் வடிகால் துளையையும் சேர்த்து மூடுகிறவர்கள் உண்டு. உள்ளே போன நீர் பிறகு வெளியேறவே வழியிருக்காது.

உரிமம் பெற்ற கம்பியாளரைக் கூப்பிடுங்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு அலுப்பாக இருக்கிறது: படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், சுவரேறிக் கம்பி இழுக்கிறவர் வேறொருவர். கேட்பார் யாருமில்லை. உரிம அட்டையை நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், செப்டம்பருக்குள் வேலையை முடித்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் மெகர் (கம்பியின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்தால் எல்லாமே சரியாகத்தான் காட்டும். கம்பிகளைக் கழற்றிய நிலையில் தோட்டம் நனையத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கழித்து மெகர் வைக்கச் சொல்லுங்கள்.