லல்லரின் பனைமரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. பெரியப்பா வராக அவதாரப் படம் ஒன்றைப் போட்டார். கொம்பில் உருண்டையான பூமி, கண்டங்கள்கூடத் தெரிகின்றன. "கொலம்பஸ் கப்பலேறும் வரை வெள்ளைக்காரன் பூமி தட்டை என்றே நம்பினான், நமக்கு எப்போதோ தெரியும்" என்பது அவர் கட்சி. டெல்லியில் படிக்கும் என் அக்கா மகன் தட்டைப் பூமி வீடியோக்களாகப் பார்க்கிறான். "கந்தபுராணத்திலேயே தட்டை என்றுதானே இருக்கிறது" என்கிறான். இரண்டு பேரும் முன்னோர்களையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் எதைத்தான் நம்பினார்கள்?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அக்கா மகன் காட்டும் மேற்கோள் சரியானதே. கந்தபுராணத்தின் அண்டகோசப் படலம் சொல்லும் உலகில் நடுவே மேரு, அதைச் சூழ்ந்து நாவலந்தீவு, பிறகு ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தீவுகளும் கடல்களும். உப்புக்கடல், கருப்பஞ்சாற்றுக் கடல், பாற்கடல் என்று நாம் கதைகளில் கேட்டவையெல்லாம் அந்த வளையங்கள்தான். வடமொழிப் புராணங்களின் உலகமும் இதுவே.

பெரியப்பாவின் படம் பிற்காலத்துக் கற்பனை. மாமல்லபுரம் வராக மண்டபத்துக்குக் குடும்பத்தோடு ஒருமுறை போய் வாருங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அங்கே செதுக்கியிருப்பது, வராகரின் தூக்கிய காலின் மேல் அமர்ந்திருக்கும் பூதேவியை. மத்தியப் பிரதேசத்தின் உதயகிரிக் குகையில் அதைவிடப் பழைய, குப்தர் காலத்துச் சிற்பம் இருக்கிறது. அங்கும் பூமி ஒரு பெண்தான். வெள்ளத்திலிருந்து அவளை மீட்பதைச் சொல்ல வந்த சிற்பிகளுக்குப் பூமியின் வடிவம் ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது.

அதற்காகப் பெரியப்பா சொல்வது முழுவதும் பொய் என்று ஆகிவிடாது. 499-இல் ஆர்யபடர் பூமியைக் கோளம் என்று தெளிவாக எழுதிவிட்டார். கடம்பம்பூவின் உருண்டையை எல்லாப் பக்கமும் இதழ்கள் மூடியிருப்பதுபோல, பூமிக் கோளத்தை எல்லாப் பக்கமும் உயிர்கள் சூழ்ந்திருக்கின்றன என்கிறார். இலங்கையில் சூரியன் உதிக்கும்போது அதற்கு நேர் எதிர்ப்புறமுள்ள சித்தபுரத்தில் அஸ்தமனம் என்பதும் அவர் சொன்னதே. (அந்த இலங்கை, நிலநடுக்கோட்டில் கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு புள்ளி.)

ஆக, முன்னோர் என்பது ஒரு கட்சி கிடையாது. புராணத்தின் வளையத் தீவுகளும் கணிதர்களின் கோளமும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் புழங்கின. கோளம் என்றவர்கள் தம் சொந்த மக்களோடு வாதாட வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தவை அந்த வாதங்கள்தான்.

எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வானியல் கணிதர் லல்லர். பூமி சமதளம் என்பவர்களிடம் அவர் கேட்கும் கேள்வி இது: அப்படியானால் பனைபோல் நெடிதுயர்ந்த மரங்கள் வெகுதூரத்தில் நிற்கும்போது ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? பனங்காட்டுச் சீமைக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமதளத்தில் மரம் தூரம் போகப் போகச் சிறுக்கலாம். ஆனால் அடியும் முடியும் சேர்ந்தே சிறுக்க வேண்டும். கரையை விட்டு வள்ளத்தில் போகிறவர் திரும்பிப் பார்த்தால் முதலில் மணல் மறையும், பிறகு மரத்தின் அடி, கடைசியில் கொண்டை. கீழிருந்து மேலாக மறைவதற்கு நடுவில் ஏதாவது எழுந்து நிற்க வேண்டும். அது கடலின் வளைவே.

1150-இல் பாஸ்கரர் அடுத்த சந்தேகத்தையும் தீர்க்கிறார். உருண்டை என்றால் கண்ணுக்கு ஏன் தட்டையாகத் தெரிகிறது? எந்த வட்டத்திலும் சுற்றளவில் நூறில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் நேர்கோடு போலத்தான் இருக்கும். பூமியோ மிகப் பெரியது, மனிதன் மிகச் சிறியவன், அதனால்தான் என்கிறார். வீடியோக்களில் இன்றும் கேட்கப்படும் கேள்விக்கு ஏறக்குறைய 900 வருடங்களுக்கு முன்பே கிடைத்த பதில் இது.

"நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும்" என்ற பேச்சு எனக்கு வருத்தம் தருவது இதனால்தான். எல்லோருக்கும் எப்போதும் தெரிந்திருந்தது என்றால் லல்லர் பனைமரத்தைக் காட்டி யாரிடம் வாதாடினார்? அவர் உழைப்பை நாமே துடைத்துப் போடுகிறோம். கிரேக்கர்களிடமிருந்து கற்றதை மறைக்கவும் நம் கணிதர்கள் நினைத்ததில்லை. யவனர்கள் (கிரேக்கர்கள்) மிலேச்சர்களே ஆனாலும் இந்தச் சாத்திரத்தில் தேர்ந்தவர்கள், ரிஷிகளைப் போல் மதிக்கப்படுகிறார்கள் என்று வானியல் அறிஞர் வராகமிகிரர் எழுதியிருக்கிறார்.

கொலம்பஸ் கதையும் தவறு. அவருக்கு 1,700 வருடங்களுக்கு முன்பே கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் எகிப்தில் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார். கொலம்பஸை எதிர்த்த அறிஞர்கள் பூமியின் அளவைப் பற்றியே சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையில் அவர்கள் பக்கமே சரி. தட்டைப் பூமிக் கதையைப் பரவலாக்கியது 1828-இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வரலாறு.

இரண்டு உலகங்கள் ஒன்றாகப் புழங்குவதைப் பார்க்க உங்கள் வீட்டுப் பஞ்சாங்கமே போதும். சந்திர கிரகணம் வரும் வருடத்தில் "ராகு கிரஸ்த" என்றோ "கேது கிரஸ்த" என்றோ போட்டிருக்கும். பாம்பு விழுங்குகிறது. அதற்குக் கீழேயே ஸ்பரிச காலம் (தொடக்கம்), மத்திய காலம் (நடு), மோட்ச காலம் (முடிவு) என்று மணி, நிமிடம். அந்த நிமிடங்கள் வந்தது பூமியின் நிழல் சந்திரன்மேல் விழும் கணக்கிலிருந்து.

அக்கா மகனிடம் இனி மேற்கோள் காட்டாதீர்கள். அவனோடு சேர்ந்து அளந்து பாருங்கள். நல்ல வாய்ப்பாக, தூத்துக்குடியும் டெல்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், தெற்கு வடக்காகச் சுமார் 2,200 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும். இரவு வானின் நட்சத்திரங்களில் பிரகாசத்தில் இரண்டாவது என்பதால் தப்ப விடமாட்டீர்கள். ஒரு பாகைமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். ஸ்ட்ரா வழியே நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நூல் காட்டும் பாகைக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசமே அதன் உயரம். உங்களுக்கு அடிவானத்திலிருந்து சுமார் 28 பாகை உயரம் கிடைக்கும், அவனுக்கு 9-க்குச் சற்றுக் குறைவாக. தெற்கே கட்டடம் மறைக்காத மொட்டைமாடியும் மூடுபனி இல்லாத இரவும் அவனுக்கு அவசியம். வித்தியாசம் ஏறக்குறைய 20 பாகை. முழுவட்டத்தில் அது பதினெட்டில் ஒரு பங்கு. 2,200-ஐ 18-ஆல் பெருக்கினால் 39,600 கி.மீ.; பூமியின் சுற்றளவு சுமார் 40,000.

அவன் விவரமான பையன் என்றால் இங்கே ஒரு மறுப்பு சொல்வான்: பூமி தட்டையாக இருந்து, நட்சத்திரம் பக்கத்திலேயே தொங்கினாலும் இப்படித்தானே குறையும்? நியாயமான கேள்வி. இரண்டு அளவை மட்டும் வைத்து அதை மறுக்க முடியாது, மூன்றாவது ஊர் வேண்டும். நாக்பூரும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் இருக்கிறது. தட்டைப் பூமிக் கணக்குப்படி அங்கே நட்சத்திரம் சுமார் 12 பாகை உயரத்தில் தெரிய வேண்டும். கோளம் என்றால் 16. நான்கு பாகை வித்தியாசத்தை அந்த ஸ்ட்ரா கருவியே காட்டிவிடும். அளக்கும் முன் இரண்டு எண்களையும் குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள். நாக்பூரில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள்.