பதில்: செதுக்கிய பூசணி ஹாலோவீனுக்கு முன்பே அழுகிவிடுகிறது

ஹாலோவீனுக்காக முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் பூசணியை அக்டோபர் 24லேயே செதுக்கியதில் பூஞ்சை பிடித்து, மேலே வெட்டிய மூடியும் உள்ளே விழுந்துவிட்டது என்கிறீர்கள். ஹாலோவீன் அக்டோபர் 31 அன்றுதான், 29க்கு முன் கத்தியை எடுக்காதீர்கள். மூடியை நேராக வெட்டினால் சதை சுருங்கியதும் விழத்தான் செய்யும். கத்தி முனை நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும்.

பூஞ்சை பெரும்பாலும் மிச்சமிருக்கும் நாரில்தான் தொடங்கும். ஈர நூலாக ஒட்டியிருப்பதைக்கூட விடாமல் கனமான கரண்டியால் சுரண்டுங்கள். முகம் வரும் பக்கத்தில் சதை ஓர் அங்குலம் இருக்கட்டும், அதைவிட மெலிந்தால் செதுக்கிய பற்கள் மடங்கிவிடும். செதுக்கியபின் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்து முக்கியெடுத்து, கவிழ்த்து நன்றாகக் காயவிடுங்கள். வெட்டிய ஓரங்களில் வாஸ்லின் தடவினால் சீக்கிரம் வாடாது. ஆனால் அது தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கே வையுங்கள். சூடும் இல்லை.