டீச்சர் பார்ப்பது பாதி, வீட்டில் பார்ப்பது மீதி

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது. வகுப்பில் சமர்த்தாக இருக்கிறான் என்கிறார் டீச்சர். ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் பையை வீசிவிட்டு ஒரு மணி நேரம் அழுகிறான். நான் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.

நீங்கள் கெடுக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளியில் நாள் முழுக்கத் தங்களை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கையை உதறத் தோன்றும், உதற மாட்டார்கள். சத்தம் காதைக் குடையும், பல்லைக் கடித்துக்கொள்வார்கள். டீச்சர் சொன்னது புரியாவிட்டாலும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அப்படியே செய்துவிடுவார்கள். மாஸ்க்கிங் என்று இதைச் சொல்கிறோம். அடக்கி வைத்ததெல்லாம், இங்கே திட்ட மாட்டார்கள் என்று தெரிந்த இடத்துக்கு வந்ததும் கொட்டிவிடுகிறது.

டீச்சர் சொல்வதும் உண்மைதான், அவர் கண்ணுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. அதனால் புகாராகச் சொல்லாமல், "வீட்டுக்கு வந்ததும் இப்படி ஆகிறான், கடைசி இரண்டு பீரியடில் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனித்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். தண்ணீர் குடித்தானா, கழிப்பறைக்குப் போனானா என்பதையும் கேளுங்கள். தாகமும் சிறுநீர் முட்டுவதும் உடம்பில் உறைக்காமல், காலையிலிருந்து மாலை வரை போகாமலே இருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் இரண்டு முறை எழுந்து நடக்க ஒரு சாக்கு கொடுக்கச் சொல்லுங்கள், நோட்டுகளை இன்னொரு அறைக்குக் கொண்டுபோவது மாதிரி. வீட்டிலும் முதல் அரை மணி நேரம் ஒரு கேள்வியும் வேண்டாம், "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்பதுகூட வேண்டாம்.

கேள்வி: டைரியில் தினமும் "இன்றும் அடித்தான்", "சொல் பேச்சு கேட்கவில்லை" என்றுதான் வருகிறது. படிக்கவே பயமாக இருக்கிறது.

அந்த வரியை வைத்துக்கொண்டு உங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது, டீச்சராலும் முடியாது. அடித்தான் என்பது நடுவில் நடந்தது. அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் காரணம் பிடிபடும். ஒரு தாளில் நேரம், முன்னால், நடந்தது, பின்னால் என்று நான்கு கட்டம் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் நாலு வார்த்தை போதும், நாற்பது பேரைச் சமாளிக்கும் ஒருவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஒரு பையன் தினமும் மூன்றாவது பீரியடில் டெஸ்கைத் தள்ளுவான். டீச்சருக்குப் பாடம் பிடிக்கவில்லை என்று தோன்றியது, அம்மாவுக்குப் பசி என்று தோன்றியது. நான் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். மாடியில் இருந்த வகுப்பு சரியாக அந்த நேரத்தில் விளையாட இறங்கும், முப்பது நாற்காலிகள் ஒன்றாக இழுபடும் சத்தம் தலைக்கு மேலே கரகரவென்று வரும். அந்தச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. நேரம் பார்த்துக் காத்திருக்கிறான் பாவம்! மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவனை வெளியே ஒரு வேலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தள்ளுவது நின்றது. எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு சுலபமாக விடை கிடைக்காது, ஆனால் தேட வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம் இன்னொன்று. தினமும் நன்றாகப் போன ஒரு விஷயத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நீங்களும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: புது வகுப்பு, புது டீச்சர். மருத்துவ ரிப்போர்ட்டை முழுதாகக் கொடுக்கலாமா?

ஆட்டிசம் என்று சொல்லிவிடுங்கள், ஆனால் இருபது பக்க ரிப்போர்ட்டை நம்பாதீர்கள், அதைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒரே பக்கம் எழுதுங்கள். என் மகளுக்கு எது பிடிக்கும், எது பயம், பதற்றம் ஏறும்போது முதலில் என்ன செய்வாள், அப்போது எது உதவும், எதைச் செய்யவே கூடாது. "கேள்வி கேட்டதும் பத்து விநாடி காத்திருங்கள், பதில் சொல்வாள். நடுவில் மறுபடி கேட்டால் அவளுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்." இப்படி ஒரு வரி அந்த இருபது பக்கத்தைவிட வேலை செய்யும். சுற்றுலா, ஆண்டு விழா ஒத்திகை, டீச்சர் லீவு மாதிரி வழக்கம் மாறும் நாட்களை முந்தைய நாளே சொல்லும்படியும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: பள்ளியில் படஅட்டை காட்டிப் பேசப் பழக்குகிறார்கள். அப்புறம் வாயால் பேசவே மாட்டானோ?

அந்தப் பயம் வேண்டாம். படஅட்டையோ டேப்லெட்டோ பயன்படுத்துவதால் பேச்சு நின்றுபோவதாக ஆய்வுகள் காட்டவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்திருக்கிறது. பள்ளியில் இருக்கும் அதே அட்டைகள் வீட்டிலும் இருக்கட்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஆசிரியை. ஒரு மாணவனுக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று சந்தேகம். பெற்றோரிடம் சொன்னால் கோபப்படுகிறார்கள்.

அந்தப் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், டீச்சர். கண்டறிவது மருத்துவர் வேலை. நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மணி அடித்தால் காதைப் பொத்துகிறான், வரிசையாக அடுக்கியதை யாராவது கலைத்தால் அழுகிறான். வீட்டிலும் இப்படி உண்டா?" அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருங்கள். முதல் தடவை "அதெல்லாம் இல்லை" என்றுதான் வரும், வரட்டும். அவனுக்கு நன்றாக வரும் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். அதற்குள் அவர்களும் வீட்டில் கவனிக்கத் தொடங்கியிருப்பார்கள்.