இசைப்பதிவு மென்பொருளின் அடுத்த பதிப்புக்காக ஏன் இப்படிக் காத்துக் கிடக்கிறார்கள்?

கேள்வி: "கணினியில் இசைப்பதிவு செய்பவர்கள் அடுத்த அப்டேட் எப்போது வரும் என்று மாதக்கணக்கில் ஏங்குவது ஏன்? கையில் இருப்பதை வைத்து வேலையை முடிக்க முடியாதா?"

உங்கள் வீட்டிலோ நட்பு வட்டத்திலோ இந்த வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார் என்றும், ஒப்புக்கொண்டதை முடித்துத் தராமல் புதிய பதிப்பு வரட்டும் என்று அவர் நாள் கடத்துகிறார் என்றும், பொறுத்துப் பார்த்து அலுத்த பிறகே இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்றும் ஊகித்துக்கொள்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்தருளுங்கள். ஆனால் கேள்வி என்னைச் சற்று வருத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் ஒரே ஒரு திருத்தத்துக்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தவன். 'பாடத் தெரிந்தவர் பாடினால் போதாதா, மென்பொருளில் என்ன இருக்கிறது' என்ற பேச்சை அந்த மூன்று ஆண்டுகளிலும் கேட்டுக்கொண்டே இருந்தவன்.

புதிய வசதிகளின் மேல் உள்ள ஆசையால் காத்திருப்பவர்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை அருகில் சென்று பார்த்தால், அன்றாடம் வேலையின் குறுக்கே நிற்கும் ஒரு குறையைச் சுற்றிச் சுற்றிப் போய்க் களைத்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கொத்தனார் எப்போது வருவார் என்று விசாரித்துக்கொண்டிருப்பவரை ஆடம்பரப் பிரியர் என்று யாரும் சொல்வதில்லை.

பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் புரோ டூல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் வந்த அந்த மென்பொருளில், 2013இல் 11ஆம் பதிப்பு வரும்வரை, முடித்த மிக்ஸை, அதாவது குரலையும் கருவிகளையும் கலந்த பதிவை, ஒரே கோப்பாக வெளியே எடுக்க வேண்டுமானால் அது முழுவதும் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியென்றால் ஒரு மணி நேரம். எடுத்துக் கேட்கும்போது ஓரிடத்தில் ஒரு சொல் அமுங்கியிருப்பது தெரிந்தால், திருத்திவிட்டு மறுபடியும் ஒரு மணி நேரம். போட்டி மென்பொருள்கள் அதே வேலையைச் சில நிமிடங்களில் செய்துகொண்டிருந்த காலம் அது. அப்போது அந்த அப்டேட்டைக் கேட்டவர்கள், இரவில் நேரத்தோடு வீட்டுக்குப் போகும் வழியைத்தான் கேட்டார்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டி 2000இல் வெளிவந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிரொலி முதலிய விளைவுகளைக் கூட்டிக் குறைத்துக் கேட்கும் வசதி அதற்கு 2022இல், 3.2ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் சில நொடிகள் முன்னோட்டம் கேட்கலாம். முழுதாகக் கேட்க வேண்டுமானால் விளைவை ஒலியின் மேலேயே பதித்து, பிடிக்காவிட்டால் நீக்கி, மறுபடி பதிக்க வேண்டும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு ஏற்றபடி ஆக்கி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பக்திப் பாடல்களும் பள்ளி விழாப் பாடல்களுமே பதிவுக்கு வரும். 2016இல், எண்பது வயதைக் கடந்த ஓர் ஓதுவாரைத் தேவாரப் பண்கள் சிலவற்றைப் பாடித் தருமாறு கேட்டுக்கொண்டேன். இதற்குக் கட்டணம் கிடையாது. அவர் பாடும் முறை அவரோடு நின்றுவிடக் கூடாது என்பது என் விருப்பம், அவருடைய பேரனின் விருப்பமும் அதுவே. நான்கு நாள் காலையில் வந்து, கையில் தாளத்துடன், நட்டபாடை, காந்தாரம், இந்தளம், கொல்லி, கௌசிகம், பழந்தக்கராகம் என்று ஆறு பண்களில் பதிகங்களைப் பாடினார். இந்தளம் பாடிய அன்று அவர் குரல் இருந்த இருப்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பாடி முடித்ததும் அவரே சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

நான் பயன்படுத்திய மென்பொருளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை உருவாக்கியவர்கள் பிறகு குறையைத் திருத்திவிட்டார்கள், திருத்தியவர்களைப் பெயர் சொல்லிப் பழிப்பது முறையல்ல. அதில் ஒரே பிராஜெக்டில், அதாவது ஒரு வேலையின் பதிவுகள் எல்லாம் அடங்கிய கோப்பில், ஆறு பகுதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பண்ணின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்தேன். திரையில் பெயர்கள் அழகாகத் தெரிந்தன. பிறகு, அந்தந்தப் பெயரில் தனித்தனி வேவ் கோப்புகளாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எக்ஸ்போர்ட் செய்யக் கட்டளையிட்டேன். ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம் என்ற விருப்பம், முந்தைய வேலை ஒன்றுக்காக இயக்கப்பட்டு அப்படியே இருந்தது.

வெளியே வந்த கோப்புகளின் பெயர்களில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. வெறும் அடிக்கோடுகளே வரிசையாக இருந்தன. எரிச்சலாக இருந்தாலும், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு கோப்புகளை மட்டும் திறந்து கேட்டேன். ஒலி சுத்தமாக இருந்தது. வட்டில் இடம் குறைந்துகொண்டே வந்ததால் சில வாரங்களில் மூலப் பிராஜெக்டை நீக்கினேன். இரண்டு மாதம் கழித்து ஓதுவார் ஐயா தொலைபேசியில், "தம்பி, அந்த இந்தளத்தைப் பேரனிடம் கொடுத்தனுப்புங்கள், ஒரு தடவை கேட்க வேண்டும்" என்றார். தேடியபோதுதான் கோப்புகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தன.

நடந்தது இதுதான். கண்ணுக்கு இந்தளம் ஐந்து எழுத்து, கௌசிகம் நான்கு எழுத்து. கணினிக்குப் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால், யூனிகோடு கணக்கில் இரண்டு பெயருமே ஏழு குறிகள். அந்த மென்பொருளின் எக்ஸ்போர்ட் பகுதி பெயரை, யூனிகோடுக்கு முந்தைய, மொழிக்கு மொழி தனி எழுத்துப் பட்டியல் வைத்திருக்கும் குறிப்பக்க முறைக்கு மாற்றி எழுதியது. விண்டோஸில் அந்த வகைக் குறிப்பக்கம் தமிழுக்கென்று ஒருபோதும் இருந்ததில்லை. எனவே தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஓர் அடிக்கோட்டை இட்டது. இரண்டு பண்களுக்கும் ஏழு அடிக்கோடுகள் கொண்ட ஒரே பெயர் அமைந்து, பின்னால் வந்த கௌசிகம் முன்னால் எழுதப்பட்ட இந்தளத்தின் மேலேயே எழுதப்பட்டுவிட்டது. மீட்பு மென்பொருள்களை வைத்துத் தேடினேன். அந்த இடத்தில் அதற்குள் வேறு பதிவுகள் ஏறிவிட்டிருந்தன.

'பிரதி எடுத்து வைக்காதது உன் தவறு, மேலெழுதும் விருப்பத்தை இயக்கி வைத்ததும் உன் தவறு' என்று இங்கே எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: ஆம், இரண்டும் என் தவறுகள். அவற்றை நான் மென்பொருளின் மேல் ஏற்றவில்லை. ஆனால் அதே கவனக்குறைவோடு பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்கு அந்தப் பதிவு தொலைந்திருக்காது. என் மொழியில் பெயர் வைத்தேன் என்பதுதான் எனக்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு. யூனிகோடில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் அதைத் தரமாக ஏற்றது. எனக்கு இது நடந்ததோ 2016இல்.

குறையைப் படங்களுடன் விளக்கி எழுதி அனுப்பினேன். கோப்புகளுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர் வைக்குமாறு பணிவாகப் பதில் வந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் அதனால் என் சிக்கல் தீரவில்லை. இந்தளத்தை ஆங்கில எழுத்தில் நான் ஒரு விதமாக எழுதுவேன், பேரன் வேறு விதமாக எழுதுவார், மூன்றாமவர் 'த'வுக்கு ஓர் எழுத்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். லகர, ளகர, ழகர வேறுபாடு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பதிகத்தைத் தேடுபவர் அதன் பெயரைத் தமிழில்தான் தட்டச்சு செய்வார். பெயரும் பதிவின் ஒரு பகுதி என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் நீங்கள் கேட்கும் ஏக்கம் தொடங்கியது. ஒவ்வொரு புதிய பதிப்பு வந்ததும் மாற்றக் குறிப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பேன். புதிய கருவி ஒலிகள், புதிய வண்ணத் தோற்றம், வேகம் என்று எவ்வளவோ வரும். நான் தேடிய வரி வராது. பதிவிறக்கி, வெற்றுப் பகுதி ஒன்றுக்கு இந்தளம் என்று பெயரிட்டு எக்ஸ்போர்ட் செய்து பார்ப்பேன். ஏழு அடிக்கோடுகள் வரும். இதற்கிடையே என் வேலை நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயர்களுக்கு முன்னால் எண்ணிட்டு, எது எந்தப் பாட்டு என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்து, மூன்று ஆண்டுகள் அப்படியே ஓட்டினேன்.

'வேறு மென்பொருளுக்கு மாறியிருக்கலாமே' என்பது இயல்பான கேள்வி. ஒரு மென்பொருளில் செய்த பிராஜெக்ட் பெரும்பாலும் மற்றொன்றில் அப்படியே திறக்காது என்பதே இந்தத் துறையின் பெரிய கட்டு. பிட்விக், பிரிசோனஸ் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து டா-பிராஜெக்ட் என்ற பொதுக் கோப்பு வடிவத்தை 2023இல்தான் கொண்டுவந்தன. அதையும் எல்லா மென்பொருள்களும் ஏற்கவில்லை. பல ஆண்டுப் பதிவுகளும், விலை கொடுத்து வாங்கிய பிளகின்கள் என்னும் துணை நிரல்களும், கண்ணை மூடிக்கொண்டும் கை போகும் பழக்கமும் ஓரிடத்தில் இருக்கும்போது, மாறுவது குடும்பத்தோடு ஊர் பெயர்வதைப் போன்றது. அதனால்தான் பலர் இருக்கும் இடத்திலேயே இருந்து காத்திருக்கிறார்கள்.

காத்திருந்தும் வராமல் போனவர்கள் என்னைவிட அதிகம் இழந்தவர்கள். லாஜிக் என்ற இசைப்பதிவு மென்பொருளை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் வாங்கியது. அத்துடன் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. அதுவரை விண்டோஸில் வேலை செய்தவர்களுக்கு அடுத்த பதிப்பு என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. 1987இல் டாஸ் காலத்தில் தொடங்கிய கேக்வாக் நிறுவனத்தின் கதையும் அப்படித்தான். அதன் சோனார் மென்பொருளுக்கு வாழ்நாள் முழுவதும் அப்டேட் உண்டு என்ற திட்டம் 2016இல் விற்கப்பட்டது; 2017 நவம்பரில் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் அதை மேற்கொண்டு உருவாக்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி இலவசமாகத் தந்ததால் பலர் மூச்சுவிட்டார்கள். இடைப்பட்ட அந்த மூன்று மாதங்களில், தங்கள் பழைய பிராஜெக்ட்கள் இனி எந்தக் கணினியில் திறக்கும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள் அல்லவா? அதை ஆசை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு வகைக் காத்திருப்பும் உண்டு. அதில் நாம் அப்டேட் செய்யாமல் காத்திருக்கிறோம். 2019 அக்டோபரில் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவில், பழைய வகையான 32 பிட் நிரல்கள் இயங்கவில்லை. பல ஒலி நிறுவனங்கள், நாங்கள் சொல்லும்வரை கேட்டலினாவுக்கு மாறாதீர்கள் என்று தங்கள் பயனர்களைக் கேட்டுக்கொண்டன. கணினி 'புதுப்பிக்கவும்' என்று நினைவூட்டிக்கொண்டே இருக்க, அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே பிளகின் நிறுவனத்தின் மின்னஞ்சலை எதிர்பார்த்திருந்தவர்களை நான் அறிவேன். உங்கள் நண்பர் மேக் கணினி வைத்திருந்தால், அவருடைய தயக்கத்துக்கு இதுபோன்ற காரணம் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. 'எந்தக் குறைக்காகக் காத்திருக்கிறாய், ஒரே வாக்கியத்தில் சொல்' என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் அந்தக் குறை உண்மையானது. அதைச் சுற்றிப் போகும் வழியை இருவருமாக யோசிக்கலாம். சொல்ல முடியாவிட்டால் அவரைத் தடுப்பது வேறு ஏதோ ஒன்று. அதை எந்தப் பதிப்பும் தீர்க்காது. எப்படியிருந்தாலும், முடிந்த ஒவ்வொரு வேலையிலும் குரல், தாளம் என்று தனித்தனியே பதிவான டிராக்குகளையும் தொடக்கப் புள்ளி ஒன்றாக இருக்கும்படி வேவ் கோப்புகளாகத் தனியே எடுத்து, இரண்டு வட்டுகளில் வைக்கச் சொல்லுங்கள். 1991இல் வந்த வேவ் வடிவம் இன்றும் எல்லா இசைப்பதிவு மென்பொருள்களிலும் திறக்கிறது. பிராஜெக்ட் கோப்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஓதுவார் ஐயாவிடம் நடந்ததை நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவை பாடிவிட்டால் போகிறது" என்று சொல்லி, 2017 தையில் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். அதற்குள் குரல் தளர்ந்திருந்தது. சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கிக்கொண்டு, பதிகத்தின் 11 பாடல்களையும் இடையிடையே தண்ணீர் குடித்துக்கொண்டு பாடினார். இப்போது எங்களிடம் இருப்பது அந்த இந்தளம்தான். அது நல்ல பதிவு. முதல் பதிவு அதுவன்று.

2019இல் நான் தேடிய வரி வந்தது. இலத்தீன் அல்லாத எழுத்துகளில் உள்ள கோப்புப் பெயர்கள் எக்ஸ்போர்ட்டில் சிதையும் குறை சரிசெய்யப்பட்டது என்று, மாற்றக் குறிப்புகளின் கீழ்ப்பகுதியில் ஒரே வரி. அன்றிரவே இரண்டாம் முறை பாடிய இந்தளத்தையும் மற்ற ஐந்து பண்களையும் தமிழ்ப் பெயர்களிலேயே எடுத்து, மறுநாள் பேரன் வந்தபோது அவருடைய பென் டிரைவில் ஏற்றினேன். ஆறு கோப்புகளையும் எண்ணி, ஆறு பெயர்களையும் அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே அதைக் கழற்றிக் கொடுத்தேன்.