ரீட் திட்டமா பெய்னர் திட்டமா: இரட்டிப்புச் சேமிப்பு எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பை வைத்து 2011இல் நடந்த சண்டையில், செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீடின் (ஜனநாயகக் கட்சி) திட்டம், பிரதிநிதிகள் அவைத் தலைவர் ஜான் பெய்னருடையதைவிட (குடியரசுக் கட்சி) இரு மடங்குக்கு மேல் பற்றாக்குறையைக் குறைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். தாளில் மட்டும்தான்.

அமெரிக்க நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் பத்தாண்டுக்குப் போட்ட கணக்கில், திருத்திய பெய்னர் மசோதா 91,700 கோடி டாலர், ரீடுடையது 2.2 லட்சம் கோடி. ஆனால் ரீடின் தொகையில் ஏறத்தாழ 1 லட்சம் கோடி, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச்செலவுக்கு வரம்பு வைத்ததால் வருவது. அலுவலகத்தின் அடிப்படை மதிப்பீடு, நடப்புப் போர்ச்செலவு பணவீக்கத்தோடு ஏறிக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொள்ளும். படைகளைத் திருப்பியழைப்பது ஏற்கெனவே முடிவான விஷயம். அதுவும் சேமிப்பாக வரவில் ஏறிவிட்டது. (அதே ஆண்டு குடியரசுக் கட்சியின் பால் ரயன் பட்ஜெட்டும் இதைச் செய்ததுதான்.)

ஆகவே போர்த் தொகையைக் கழியுங்கள்; அதனால் மிச்சமாகும் வட்டியையும் சேர்த்துக் கழியுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த வட்டியில்தான். பிறகு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கும், ஏனென்றால் துறைச் செலவுகளுக்கான வரம்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

பெய்னர் பக்கம் ஓர் எச்சரிக்கை: அவர் மசோதாப்படி அமையவிருந்த இரு அவைகளின் கூட்டுக்குழு பின்னர் கண்டுபிடிக்க வேண்டிய 1.8 லட்சம் கோடி டாலர் சேமிப்பு அந்த 91,700 கோடியில் இல்லை. அதைக் கூட்டினால் ஒப்பீடு மறுபடி கோணலாகும்.