மலையாளப் பத்திரத்தில் ‘அவகாசம்’ என்றால் என்ன?

கேள்வி: பாட்டிவழிச் சொத்து பாலக்காட்டில் இருக்கிறது. உறவினர் அனுப்பிய மலையாளப் பத்திர நகலில் ‘அவகாசம் ஒழிஞ்ஞு’ என்று வருகிறது. கையெழுத்துப் போட அவகாசம் முடிந்துவிட்டது என்கிறார்களா?

பதில்: இல்லை. உங்கள் உரிமையை நீங்களே விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறது. கையெழுத்தை நிறுத்தி வையுங்கள்.

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. மனித உரிமை அங்கே மனுஷ்யாவகாசம். நம் தகவல் அறியும் உரிமை, விவராவகாசம். சொத்துப் பத்திரங்களில் இது வேறு சொற்களோடு ஒட்டிக்கொண்டே வரும்: உடமஸ்தாவகாசம் என்றால் சொந்தக்காரருக்குள்ள உரிமை, கைவசாவகாசம் என்றால் கைவசம் வைத்திருக்கும் உரிமை. அவகாசி என்பவர் வாரிசுதாரர். பத்திரத்தின் தலைப்பிலேயே ‘ஒழிமுறி’ என்று இருந்தால் அது நம்மூர் விடுதலைப் பத்திரம்தான். எழுதிக்கொடுப்பவர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு என்று பாருங்கள். பரப்பை ‘ஆர்’ கணக்கில் எழுதியிருப்பார்கள். ஒரு ஆர் ஏறத்தாழ 2.47 சென்ட். பிறகு மலையாளம் படிக்கத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சமஸ்கிருதத்தில் இந்தச் சொல்லுக்கு இடம், இடைவெளி, வாய்ப்பு என்றெல்லாம் பொருள். தமிழ் காலத்தின் இடைவெளியை எடுத்துக்கொண்டது. இந்தியில் அது விடுப்பு: ‘ஆகஸ்மிக் அவகாஷ்’ என்பது தற்செயல் விடுப்பு. ‘அவகாஷ் ப்ராப்த்’ என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அவர் ஓய்வுபெற்றவர், அவகாசம் வாங்கியவர் அல்ல. தெலுங்கிலும் கன்னடத்திலும் வாய்ப்பு. கன்னட அறிவிப்புப் பலகையில் ‘அவகாஷ இல்ல’ என்றால் அனுமதி இல்லை. மராத்தியும் குஜராத்தியும் வானத்துக்கே போய்விட்டன. அங்கே அவகாஷ் என்றால் விண்வெளியும்கூட.

முன்னால் ‘சா’ சேர்ந்தால் கதை வேறு. மராட்டியச் சாலையோரங்களில் ‘வாகனே சாவகாஷ் சாலவா’ என்றிருக்கும்: வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். நம் ‘சாவகாசமாக’வும் அதே சொல்தான். மலையாளத்தில் ‘சாவகாசம்’ கால அவகாசத்தையும் குறிக்கும். உறவினர் கடிதத்தில் ‘ஒரு மாசத்தெ சாவகாசம்’ என்றிருந்தால்தான் ஒரு மாதம் தவணை தருகிறார் என்று பொருள்.

பதில் எழுதும்போதும் கவனம். நாள் கேட்பதாக நினைத்து ‘எனிக்கு அவகாசம் வேணம்’ என்று எழுதிவிட்டால், பங்கு கேட்டு வழக்குக்கு வருகிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். ‘கொறச்சு சமயம் வேணம்’ என்றே எழுதுங்கள்.